பலகை படித்த நாள்

சிங்கப்பூருக்கு எத்தனை முறை போய் வந்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. ஜொகூர் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது அயல்நாடு என்னும் எண்ணமே எழுவதில்லை. திருமணம், காதணி விழா, கருமாதி, தைப்பூசம் என ஏதேனும் ஒன்று அழைத்துக்கொண்டே இருக்கும். ஆயினும், உறவினர் எவர் வீட்டுக் கதவையும் தட்டாமல், ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு முழு நாளைத் தனியனாக அங்குக் கழித்தது ஒரே ஒருமுறைதான். 2018 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

அந்நாளில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பள்ளி குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் இருந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்தை நாடிச் சென்றதும் மலேசியத் தோட்டங்கள் பலவற்றின் பொதுக்கதை. எங்கள் தோட்டம் அக்கதைக்கு விலக்கன்று. மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்தால் அதனைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று எங்கள் நாட்டில் வகைப்படுத்துவர். 150 என்பதெல்லாம் எங்களுக்கு எட்டாக் கனி. அவ்வாண்டு எங்கள் பள்ளியில் பயின்றோர் 19 பேர். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பதிந்துகொண்டோர் இருவர். நவம்பரில் கூடிய பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாயார் ஒருவர் எழுந்து, "பிள்ளைங்கள ஒரு தடவை சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, சார். பள்ளிக்கூடம் இருக்கும்போதே போயிட்டு வந்திடட்டும்" என்றார். அவர் யாரையும் நோகச் செய்ய எண்ணிச் சொன்னவரல்லர். கூட்டக் குறிப்பேட்டில் 'சிங்கப்பூர்ச் சுற்றுலா, ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். 'இருக்கும்போதே' என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை.

மாணவரை அழைத்துச் செல்லுமுன் வழியும் செலவும் அறிந்து வருவது தலைமையாசிரியர் கடமை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. என் தாயார் 1940 ஆம் ஆண்டு தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைப்பினர் 1946 இல் அப்பகுதியில் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் படித்தவர். சமயம் பாராமல் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. பின்னர் மணமாகிக் குளுவாங்குக்கு வந்தார், பால்மரம் சீவினார். எனக்கு எழுத்தறிவித்தவர் அவரே. மாலையில் மண்ணெண்ணெய் விளக்கடியில் சிலேட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, உமறுப் புலவர் பள்ளியின் வாத்தியார் சொல்லிக் கொடுத்த அதே இராகத்தில் உயிரெழுத்துகளைச் சொல்லிக் கொடுப்பார். முதுமையில், "என் பள்ளிக்கூடம் இருந்த எடத்த ஒருதரம் பாக்கணும்பா" என்று பலமுறை கேட்டதுண்டு. "அது எப்போதோ மூடிவிட்டார்கள் அம்மா, அங்கு என்ன இருக்கிறது பார்க்க?" என்று நானும் பலமுறை தட்டிக் கழித்ததுண்டு. 2015 இல் அவர் மறைந்தார்.

விடியுமுன் குளுவாங்கில் பேருந்து ஏறி லார்க்கின் நிலையத்தில் இறங்கி, 170 ஆம் எண் பேருந்தைப் பிடித்தேன். 1924 இல் திறப்புவிழாக் கண்ட கடற்பாலத்தை அந்தப் பேருந்து கடப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். இரு கரைகளிலும் குடிநுழைவு வரிசையில் நிற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். விடுமுறை நாளன்றோ, பொறுமை வேண்டியதற்கு மேலேயே வேண்டியிருந்தது. அக்கரையில் என் கண்ணில் பட்ட முதல் தமிழ்ச் சொல், சாலை வெட்டிய இடத்தில் தடுப்பின்மேல் நான்கு மொழிகளில் எழுதப்பட்டிருந்த 'அபாயம்' என்பது. நல்ல வரவேற்பு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, எங்கள் ஊர்க்காரனுக்கு அது சிறிய செய்தியன்று. எங்கள் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816 இல் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, 2016 இல் இருநூறாண்டு விழாவும் எடுத்தோம். ஆயினும் பள்ளி வேலியைத் தாண்டினால் அரசுப் பலகைகளில் தமிழைக் காண்பது அரிது. சிங்கப்பூரிலோ மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழி என்று அரசமைப்பே கூறுகிறது. பேருந்துக்குச் சில்லறை எண்ணும்போது ஒரு நாணயத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாட்டின் பெயர் தமிழிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதே நாட்டில்தான் கடைசித் தமிழ்ப் பள்ளி 1982 இல் மூடப்பட்டது. இங்கே பள்ளி உண்டு, பலகை இல்லை. அங்கே பலகை உண்டு, பள்ளி இல்லை. இந்தக் கணக்கை மனத்துள் போட்டுக்கொண்டேதான் குவீன் ஸ்திரீட்டில் இறங்கி நடக்கலானேன்.

ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் தேக்கா. சுற்றுலாத் துறையும் இரயில் நிலையமும் அப்பகுதியை 'லிட்டில் இந்தியா' என்று வழங்கினாலும், தமிழர் வாயில் அது என்றும் தேக்காதான். மூங்கிற்புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொற்களின் திரிபு அது என்பர். தமிழரின் பேட்டைக்குச் சீனர் இட்ட பெயர். அதற்குத் தமிழர் தந்த ஒலி. அருகில் உள்ள மகப்பேற்று மருத்துவமனையின் பெயரிலும் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் இருக்கிறது. எருமைச் சாலை, எருமை என்றே பொருள்படும் கெர்பாவ் சாலை, குதிரைப் பந்தயச் சாலை என்று தெருப்பெயர்களைச் சேர்த்துப் படித்தாலே அவ்வூரின் பழைய தொழில் விளங்கிவிடும். நீர்வளம் மிகுந்த அந்தத் தாழ்நிலத்தில் மாடு வளர்த்தோரும் பால் கறந்தோரும் மிகப் பலர் தமிழர். சிராங்கூன் சாலைப் பக்கத்தை முன்னாளில் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். செங்கற் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் இருந்ததால் வந்த பெயர். கம்பம் என்பது தூணன்று. சிற்றூர் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல். தமிழ்ச் சொல்லும் மலாய்ச் சொல்லும் ஒட்டிக்கொண்ட இப்பெயரை வகுப்பில் சொன்னால் புணர்ச்சி விதி கேட்பார்கள் என்று தோன்றியது. அதற்கு நன்னூலில் இடமில்லை.

1947 முதல் அச்சாலையில் நடந்துவரும் கோமள விலாசில் பசியாறினேன். எதிரே அமர்ந்திருந்த சீனக் குடும்பத்தார் தோசையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே உண்டதில் என் காப்பி ஆறிப்போயிற்று. பின்னர்க் கடைத்தெருவில் நடந்தேன். மல்லிகையும் துளசியும் மரிக்கொழுந்தும் தொங்கும் பூக்கடை, மிளகாய் அரைக்கும் கடை, நகைக்கடை, புடவைக்கடை என்று எல்லாவற்றையும் பார்த்தேன் என்பதைவிட எல்லாவற்றையும் படித்தேன் என்பதே பொருந்தும். முப்பதாண்டு ஆசிரியப் பணி தந்த நோய் இது. ஒரு பலகையில் ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. மற்றொன்றில் மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு செய்துகொண்டன. சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனாவைத் தேடாத குறைதான். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ஒதுங்கிய இடம் கெர்பாவ் சாலை. 1900 ஆம் ஆண்டளவில் மிட்டாய்த் தொழில் செய்த டான் டெங் நியா என்னும் சீனச் செல்வர் கட்டிய மாளிகை அங்கே நிற்கிறது. வானவில்லை உடைத்துக் கதவுக்கு ஒரு துண்டு, சன்னலுக்கு ஒரு துண்டு என ஒட்டிவிட்டாற்போன்ற வண்ணம். தமிழர் பேட்டையில் எல்லாரும் படமெடுக்கும் வீடு சீனர் வீடாக அமைந்தது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அங்கே குடையோடு தனியே நின்று படமெடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி என்னிடம் வந்து, எதிர்க்கடைப் பலகையைச் சுட்டி, அது என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜப்பானிய மாணவி, ஒசாகாவைச் சேர்ந்தவள், என்னைப் போலவே தனியே ஊர் பார்க்க வந்தவள். "இங்கு மாலை கட்டித் தரப்படும்" என்று படித்துப் பொருள் சொன்னேன். அவ்வளவு எழுத்துக்கு இவ்வளவு சிறிய செய்திதானா என்பது போல் பார்த்தாள். தன் பெயரைத் தமிழில் எழுதித் தரக் கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். எத்தனை எழுத்து உங்களுக்கு என்றாள். 247 என்றதும் கண்ணை அகல விரித்தாள். அஞ்ச வேண்டா, எல்லாம் முறையாக வரும் என்று ககர வரிசையைச் சொல்லிக் காட்டினேன்.

அதைக் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே தன் மொழியின் அரிச்சுவடியை ஒப்பிக்கலானாள். முதலில் அ, இ, உ, எ, ஒ. அடுத்துக் க, கி, கு, கெ, கொ. அதன்பின் சகரம், தகரம், நகரம். ஹகரத்தின் பின் மகரம், யகரம், ரகரம், வகரம். மழைச் சாரலில் நான் வாயடைத்து நின்றேன். நம் நெடுங்கணக்கின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருந்தது. இந்திய எழுத்துகளைப் பயின்ற பௌத்தத் துறவியர் வழியாக இவ்வரிசை முறை ஜப்பானை அடைந்தது என்பர். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று நெடுங்காலம் எழுதியதும், நம்மவர் அதனைக் கொண்டாடியதும் ஆசிரியர்கள் அறிந்தவை. மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை. அரிச்சுவடியின் வரிசை ஒத்திருப்பது மொழியுறவுக்குச் சான்றாகாது என்பதை நானும் அறிவேன். ஆயினும் அந்தக் கணத்தில் இலக்கணம் என்னைத் தடுக்கவில்லை. நான் "ம, மி, மு" என்று எடுத்துக் கொடுக்க, அவள் "மெ, மொ" என்று முடித்தாள். என் தந்தைவழிப் பாட்டனார் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர். அது நினைவுக்கு வராமல் இல்லை. அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவும் இல்லை. மழை நின்றது, அவள் வணங்கி விடைபெற்றாள்.

செலிகி சாலை வழியே நடந்து ஸ்டாம்ஃபர்டு சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்தை அடைந்தேன். மாணவருக்குக் காட்டத்தக்கவற்றைக் குறித்துக்கொள்ளும் எண்ணத்தோடு நுழைந்தவன், ஒரு கல்லின் முன் நின்றதோடு குறிப்பேட்டை மூடிவிட்டேன். 'சிங்கப்பூர்க் கல்' என்பது அதன் பெயர். 1819 இல் ஆங்கிலேயர் வந்து சேர்ந்த காலத்தில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆள் உயரத்திற்கும் மிக்க பெரும்பாறையொன்று நின்றது. அதில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கற்றோர் பலர் வந்து பார்த்தனர். எவராலும் படிக்க முடியவில்லை. 1843 இல் கோட்டையும் குடியிருப்பும் கட்ட இடம் வேண்டுமென்று அதை வெடி வைத்துத் தகர்த்தனர். சிதறியவற்றுள் ஒரு துண்டே அங்குக் காட்சிக்கு உள்ளது. இன்றுவரை அவ்வெழுத்துகளை ஐயமற வாசித்தார் இலர்.

வெடி வைத்தவர்மீது சினம் எழுவது இயல்பு. எனக்கு முதலில் அப்படித்தான் எழுந்தது. ஆயின், நின்று பார்க்கப் பார்க்க வேறொன்று புலப்பட்டது. வெடிக்கு முன்பே அக்கல் ஊமையாகிவிட்டிருந்தது. முழுதாக நின்ற நாளிலும் அதனைப் படிக்க ஒருவர் இல்லை. ஒரு காலத்தில் அவ்வெழுத்தை ஓர் ஆசிரியர் ஒரு மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். மணலிலோ ஓலையிலோ அவன் கைபிடித்து எழுதப் பழக்கியிருப்பார். பின்னர் ஏதோ ஒரு தலைமுறையில், கற்றுக்கொள்ள வந்தவர் பத்தொன்பது பேராகி, இருவராகி, ஒருவரும் இல்லாமற் போயிருக்க வேண்டும். காவலர் என்னை இருமுறை பார்த்துவிட்டார். அத்தனை நேரம் ஒரு துண்டுக் கல்லின்முன் எவரும் நிற்பதில்லை போலும்.

அங்கிருந்து பேருந்தில் சவுத் பிரிட்ஜ் சாலைக்குச் சென்றேன். இப்பகுதியை விரைந்து கடந்தேன் என்றே சொல்ல வேண்டும். ராஃபிள்சுடன் 1819 இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827 இல் தோற்றுவித்த மாரியம்மன் கோயில் சீனர் பேட்டையின் நடுவில் இருக்கிறது. ஜாமியா சூலியா பள்ளிவாசல் அதே சாலையில் அடுத்தாற்போல் உள்ளது. தெலுக் ஆயர் தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி என்று தமிழர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும், இரண்டிற்கும் இடையே சீனரின் தியான் ஹோக் கெங் கோயிலும் வரிசையாக நிற்கின்றன. முன்பு அதுதான் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவன் எச்சமயத்தானாயினும் கால் நனைந்த இடத்திலேயே நன்றி சொல்லியிருக்கிறான். இப்போது கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது, நடுவே கட்டடங்கள்.

தஞ்சோங் பகாரை நான் அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. இரயில் நிலையத்தின் மேலேயே 2016 இல் எழும்பிய 290 மீட்டர்க் கோபுரம் ஒன்று நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் என்பார்களே, அந்த உயரம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அம்மா சொன்ன அடையாளங்கள் மூன்று: துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு, காலையில் ஊதும் சங்கு, நடந்து போகும் தொலைவில் இரயில் நிலையம். முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது நின்றது. 1932 இல் திறந்த மலாயா இரயில்வே நிலையம் அது. சிறுவனாக இருந்தபோது குளுவாங்கில் ஏறி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு அங்கு வந்து இறங்கியிருக்கிறேன். 2011 ஜூன் 30 இரவோடு அங்கு இரயில் வருவது நின்றுபோயிற்று. கட்டடம் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுகிறது. முகப்பில் இரயில்வேயின் பெயரைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளைப் படித்தேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அந்த நான்கையும் என்னவென்று வைத்து அவர் அடையாளம் கண்டிருப்பார் என்று எண்ணியபடி சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றேன். அழைத்து வந்திருக்கலாம். பள்ளி இல்லாவிட்டால் என்ன, சங்கு ஊதிய திசையை அவர் காட்டியிருப்பார்.

கால் ஓய்ந்துவிட்டது. பெருவிரைவு இரயிலில் ஏறி ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறினேன். எனக்கு எதிரே, எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் அமர்ந்திருந்தனர். பையன் பேசியதெல்லாம் ஆங்கிலம். பாட்டி பேசியதெல்லாம் தமிழ். இருவருக்கும் இடையே எவ்விதத் தடையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும்போது பாட்டி, "எங்க, என்ன எழுதியிருக்கு, படி" என்பார். பையன் கதவு மூடுமுன் நடைமேடைப் பலகையைப் படித்துவிட வேண்டும். அதுதான் விளையாட்டு. டோபி காட்டில் தோற்றான். "அடுத்தது வுடாத" என்றார் பாட்டி.

வண்டி லிட்டில் இந்தியாவில் நின்றது. உள்ளபடி சொல்கிறேன்: காலையில் அப்பலகை நினைவுக்கு வந்தபோதெல்லாம் எனக்குச் சினமே மூண்டது. தமிழர் பேட்டைக்குத் தமிழில் பெயரெழுதப் புகுந்தவர்கள் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து வைத்திருக்கிறார்களே. தேக்கா என்றோ, சின்ன இந்தியா என்றோ எழுதினால் குறைந்தா போகும் என்று, சங்கக் கூட்டமொன்றில் பேசுவதற்கே இரண்டு வாக்கியம் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். பையன் எழுந்து நின்றான். விரலைக் காற்றில் நீட்டி, "லி... ட்... டி... ல்" என்று எழுத்தெழுத்தாகக் கூட்டினான். ஒரு நொடி நிறுத்தினான். மீண்டும் சேர்த்துப் பார்த்தான். "பாட்டி! லிட்டில்! இட்ஸ் லிட்டில்!" என்று கத்திவிட்டான்.

அந்த முகத்தை நான் அறிவேன். தலைமையாசிரியர் அறைக்குள் முடங்குமுன் பல ஆண்டுகள் முதலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன் நான். ஓராண்டு முழுதும் புள்ளியும் கொம்பும் காலுமாக மிரட்டிக்கொண்டிருந்த வடிவங்கள் திடீரென்று வாய் திறந்து, தனக்கு முன்பே தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடும் கணத்தில் குழந்தை முகத்தில் தோன்றும் ஒளி அது. எங்கள் பிள்ளைகளுக்கு அச்சொல் 'அம்மா'வாகவோ 'ஆடு'வாகவோ இருக்கும். இவனுக்கு 'லிட்டில்' ஆயிற்று. தமிழெழுத்துக்குள் தன் சொல் ஒன்று ஒளிந்திருந்ததை அவன் தானே கண்டுபிடித்தான். நான் ஆயத்தம் செய்த இரண்டு வாக்கியங்களும் எனக்குப் பயன்படாமற் போயின. ஒலிபெயர்ப்பு சரி என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அந்தப் பையனிடம் போய் அதைச் சொல்லவும் மாட்டேன்.

"எந்தப் பள்ளிக்கூடம் படிக்கிற தம்பி?" என்று கேட்டேன். அருகில் உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றின் பெயரைச் சொன்னான். "இஸ்கூல்ல தமிழ் ஒரு பாடம் இருக்குங்க. மீதியெல்லாம் இங்கிலீசு. வீட்ல இவங்க அப்பாம்மாவும் இங்கிலீசுதான். அதான் வெளிய வந்தா நான் இப்படிப் படிக்கச் சொல்றது" என்றார் பாட்டி. பிறகு, கேட்காமலே, "நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். ஃபேரர் பார்க் வந்துவிட்டது. அவர்களுக்கு அடுத்த நிலையம், எனக்கு இது. கேட்டிருக்க வேண்டும். இறங்கிய பின்னர்தான், அடுத்த நிலையம்வரை போய்த் திரும்பியிருந்தால் என் சுற்றுலாவில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டிப் பீட்டி சாலைக்குத் திரும்பினேன். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அங்குதான் இருக்கிறது. பள்ளி 1982 இல் மூடப்பட்டபின், அதன் பெயரைத் தாங்கி 1983 இல் ஏற்பட்டது இந்நிலையம். தம் பள்ளியில் தமிழாசிரியர் இல்லாத மாணவர்கள் பல திசைகளிலிருந்தும் இங்கு வந்து தமிழ் கற்றுச் செல்கின்றனர். ஞாயிறு, அதிலும் விடுமுறை, வாயில் பூட்டியிருந்தது. கம்பிக் கதவின்முன் நின்று பெயரைப் படித்தேன். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர். என் தாயார் எனக்கு வாயால் சொல்லிச் சொல்லித் தந்த பெயர். அவர் பயின்ற பள்ளியின் கதவு இதுவன்று, இடமும் இதுவன்று. பெயர் மட்டுமே இடம்பெயர்ந்து வந்திருக்கிறது.

பள்ளிகளை மூடியது தவறா என்ற வினாவை ஆசிரியர் அறைகளில் பலமுறை விவாதித்திருக்கிறோம். பெற்றோர் தாமே ஆங்கிலப் பள்ளியை நாடினர், வகுப்பறைகள் காலியாயின என்பது ஒரு பக்கம். மொழியைப் பாடமாக வைத்தது வேறு, மொழியிலேயே பாடம் வைத்தது வேறு என்பது மறுபக்கம். முன்பெல்லாம் நான் இரண்டாம் பக்கத்தில் உரத்த குரலில் பேசுவேன். அந்த வாயிலில் நின்றபோது என் குரல் எழவில்லை. ஏனெனில் எங்கள் பள்ளி திறந்தே இருக்கிறது, எவரும் மூடவில்லை, ஆயினும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து காலை வேளையில் மூன்று பிள்ளைகள் எங்கள் பள்ளி வாயிலைக் கடந்து வேறு பள்ளி வண்டிக்கு நடந்து செல்வதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்கள் பெற்றோரைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்களிடம் போய் நான் ஒருமுறைகூடப் பேசியதும் இல்லை.

திரும்பும் வழியில் தேக்கா நிரம்பி வழிந்தது. புதுக்கோட்டை, தஞ்சை, இராமநாதபுரம் என்று பல ஊர்த் தமிழும் அங்கே கேட்டது. வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களில் உழைத்தவர்கள் நண்பரைக் காணவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடும் நாள் அது. அந்நகரில் அன்று மிகுதியாகத் தமிழ் பேசியவர்கள், அங்குக் குடியுரிமை இல்லாத அவர்களே. புல்தரையில் ஒருவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஊரிலுள்ள மகளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் என்று தெரியாது, நான் கடந்து செல்லும்வரை, "ம்... அப்பறம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடற்பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது குறிப்பேட்டைத் திறந்தேன். அரும்பொருளகத்தில் மூடியதை அப்போதுதான் மறுபடி திறக்கிறேன். முதலாவது, பிள்ளைகள் அனைவரையும் தஞ்சோங் பகாரிலிருந்து ஃபேரர் பார்க் வரை இரயிலில் அழைத்துச் செல்லல். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடுமுன் பலகையைப் படிக்கச் செய்தல். இரண்டாவது, கல். கோபுரங்களையும் பூங்காக்களையும் அதன்பின் எழுதினேன். வாடகைப் பேருந்தில் இருக்கைகள் 44. எங்கள் மாணவர் 19, ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்தால் 30. எஞ்சிய இருக்கைகளில் மூன்றை, நம் பள்ளி வாயிலைக் கடந்து வேறு பள்ளிக்குச் செல்லும் அந்த மூன்று பிள்ளைகளின் பெயரில் குறித்துக்கொண்டேன். மறுநாள் மாலை வரிசை வீட்டுக்குப் போய் முதல் கதவைத் தட்டியபோது, அந்தத் தாயார் திகைத்து, "என்னங்க சார், நம்ம வீட்டுக்கு?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.